வீட்டுக்காரருக்கு இழப்பீடு, வாடகைக்காரருக்கு?

(விரைவுப் பேருந்துத் தடம் தொடர்பாக ஜொகூர் பாருவில் நடந்த குடியிருப்பாளர் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

என்னை அழைத்தவர்கள், "சார், இந்த பஸ் தடத்தை எதிர்த்துப் பேசுங்கள்" என்று சொல்லித்தான் அழைத்தார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பஸ்ஸை எதிர்த்துப் பேசப் போவதில்லை. இந்த ஊரில் நல்ல பஸ் யாருக்கு வேண்டும்? கார் வைத்திருப்பவருக்கா? வீட்டில் இருக்கும் ஒரே மோட்டார் சைக்கிளைக் கணவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால் கிளினிக்குக்குப் போகக் கிரேப் கூப்பிட வேண்டிய அம்மாவுக்குத்தான் வேண்டும். பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கு மழையில் மோட்டாரில் போகும் தம்பிக்குத்தான் வேண்டும். நாளொன்றுக்கு 3 லட்சத்திற்கும் மேற்பட்டோர் நம் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போய் வருகிறார்கள். அதில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, இந்த மண்டபத்திலேயே பாதிப் பேர் அதில் அடக்கம். ஆகவே பஸ் வரட்டும். அது வரும்போது யார் வீட்டை இழக்கிறார், யார் கையில் காசோலை கிடைக்கிறது, யார் கையில் ஒன்றும் கிடைக்காமல் போகிறது என்பதுதான் நம் பிரச்சினை.

திட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இஸ்கண்டார் மலேசியா விரைவுப் பேருந்து, அதாவது பிஆர்டி என்ற பெயரில் இது தொடங்கியது. ஸ்கூடாய், தெப்ராவ், இஸ்கண்டார் புத்ரி என்று மூன்று பெரிய தடங்கள். 2021-ல் பஸ்களை ஓட்டி வெள்ளோட்டமும் பார்த்தார்கள். பிறகு எல்ஆர்டி என்ற பேச்சு வந்தது. 2025-ல் கூட்டரசு அரசாங்கம், தூண்கள் மேல் உயரமான பாதையில் ஓடும் ஏஆர்டி என்ற திட்டத்துக்கு வந்து நின்றது. தண்டவாளம் இல்லாமல் ரப்பர் டயரில் ஓடும் நீளமான வண்டி அது. பார்ப்பதற்கு டிராம் மாதிரி இருக்கும், ஓடுவது பஸ் மாதிரி. பெயர் இரண்டு முறை மாறியிருக்கிறது, இன்னொரு முறை மாறினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பெயர் எதுவாக இருந்தாலும் அதற்கு நிலையம் வேண்டும், தூண் வேண்டும், வண்டிகளை நிறுத்தும் டிப்போ வேண்டும், சாலையை அகலப்படுத்த வேண்டும். அதற்கெல்லாம் நிலம் வேண்டும். நிலம் என்றதும் நம் கதை ஆரம்பமாகிறது.

இந்தக் கூட்டத்துக்கு முன்னால் நீங்கள் எழுதிக் கொடுத்த தாள்களைப் படித்தேன். "வீட்டை எடுத்துக்கொள்வார்களா" என்று பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கேட்டவர்களில் பெரும்பாலோர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். அதனால் சட்டத்தை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நில எடுப்புச் சட்டம் 1960. மலாயில் 'அக்தா பெங்ஙம்பிலான் தானா'. பொதுத் தேவைக்காக மாநில அரசு யாருடைய நிலத்தையும் எடுக்கலாம் என்று அது சொல்கிறது. "மாட்டேன்" என்று சொல்லும் உரிமை அநேகமாகக் கிடையாது. போதுமான இழப்பீடு தராமல் எடுக்கக் கூடாது என்பது மட்டும் கூட்டரசு அரசியலமைப்பின் 13-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. வழிமுறை இப்படிப் போகும். இந்த நிலம் தேவைப்படலாம் என்று முதலில் கெசட்டில் ஓர் அறிவிப்பு, அது 'ஏ' பாரம். பன்னிரண்டு மாதத்துக்குள் அடுத்த கட்டத்துக்குப் போகாவிட்டால் அது காலாவதியாகிவிடும். அடுத்தது, நிலம் நிச்சயமாகத் தேவை என்ற அறிவிப்பு, 'டி' பாரம். பிறகு நில நிர்வாகியின் விசாரணைக்கு வரச்சொல்லும் 'இ' பாரம். விசாரணை முடிந்ததும் எவ்வளவு இழப்பீடு என்று சொல்லும் 'எச்' பாரம். கடைசியில் நிலத்தைக் கையகப்படுத்தும் 'கே' பாரம். ஆங்கில எழுத்துகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். 'இ' என்ற ஒரே எழுத்தை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த விசாரணை நாளில்தான் நாம் வாய் திறக்க முடியும்.

'இ' பாரத்தை நில உரிமையாளருக்கு மட்டுமல்ல, அங்கே குடியிருப்பவருக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் நோட்டீஸ் கிடைப்பது வேறு, பணம் கிடைப்பது வேறு. இழப்பீடு கேட்க உரிமை உள்ளவர் யார் என்று அதே சட்டம் விளக்கும்போது ஒரு வகையினரை வெளியே தள்ளிவிடுகிறது. உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் "கிளம்பு" என்று சொல்லக்கூடிய நிலையில், ஒப்பந்தம் இல்லாமல் அவருடைய தயவில் குடியிருப்பவர் அதில் சேரமாட்டார். ஒரே ஒரு வரிதான். நம் ஆட்களில் எத்தனை பேர் அந்த வரிக்குள் மாட்டிக்கொள்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

என்னிடம் வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், பெயரும் ஊரும் வேண்டாம். இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் வாடகை. மாதா மாதம் ரொக்கமாகக் கையில் கொடுத்திருக்கிறார், ரசீது கேட்டதே இல்லை. "நம்ம வீட்டுக்காரர் நல்லவருங்க சார், ரசீது கேட்டா மரியாதையா இருக்காது" என்றார். பின்கட்டில் சமையலறையைச் சொந்தச் செலவில் சிமெண்டு போட்டுக் கட்டியிருந்தார். சாலை விரிவாக்கம் வந்தது. வீட்டுக்காரருக்குக் காசோலை வந்தது, அந்தச் சமையலறையின் மதிப்பும் அதில் சேர்ந்தே வந்தது. அம்மாவுக்கு இரண்டு வாரத் தவணை. குடியிருப்பையோ தொழில் செய்யும் இடத்தையோ மாற்ற வேண்டி வந்தால் அதற்கான நியாயமான செலவை இழப்பீட்டில் சேர்க்கலாம் என்று சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. அவர் அதைக் கேட்டிருக்கலாம். ஆனால் இருபது வருடம் அங்கே இருந்தார் என்பதற்குக் கையில் ஒரு துண்டுத் தாள் கூட இல்லை. விசாரணை முடிந்த பிறகுதான் என்னிடம் வந்தார்.

ஆகவே வாடகைக்கு இருப்பவர்கள் இன்றிரவே தொடங்க வேண்டிய வேலை இது. வீட்டுக்காரரிடம் எழுத்து ஒப்பந்தம் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தத்தை நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை, எழுதி ஸ்டாம்ப் அடித்தால் போதும். ஸ்டாம்ப் இல்லாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் காட்டுவதில் சிக்கல் வரும், அதில் சோம்பல் படாதீர்கள். வீட்டுக்காரர் ஒப்பந்தம் தர மறுத்தால்? சண்டை போட வேண்டாம். இனிமேல் வாடகையை வங்கி வழியாக அனுப்புங்கள், "இந்த மாத வாடகை அனுப்பிவிட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள், அவர் "ஓகே" என்று பதில் போட்டாலும் அது தாள்தான். மாதா மாதம் வாடகை கட்டி வருகிறார் என்று காட்ட முடிந்தால், "இவர் வெறும் தயவில் இருப்பவர் அல்ல" என்று வாதாட இடம் கிடைக்கும். வெற்றி நிச்சயம் என்று சொல்லமாட்டேன். தாள் இல்லாவிட்டால் வாதமே இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

சொந்த வீடு உள்ளவர்களும் கொஞ்சம் கேளுங்கள். இழப்பீடு குறைவு என்று நினைத்தால் பணத்தை வாங்கும்போது "ஆட்சேபணையுடன் பெறுகிறேன்" என்று எழுதித்தான் வாங்க வேண்டும். சும்மா கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால் பிறகு நீதிமன்றம் போக வழி அடைபட்டுவிடும். விசாரணைக்கு நேரில் போனவருக்குத் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வாரம்தான் ஆட்சேபணைக் காலம். 2017-ல் செமினி ஜெயா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், இழப்பீட்டை முடிவு செய்யும் அதிகாரம் நீதிபதிக்குரியது, மதிப்பீட்டு உதவியாளர்கள் சொன்னதே முடிவு என்று சட்டத்தில் இருந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது ஒரு கம்பெனி. இருந்தாலும் பலன் எல்லா நில உரிமையாளருக்கும் உண்டு.

அடுத்து, உங்கள் நிலத்தில் ஓர் அடி கூட எடுக்காமல், ஜன்னலுக்கு முன்னால் தூண் மட்டும் எழும்பினால்? இந்தச் சட்டத்தில் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. சுவரில் விரிசல் வந்தால் "அது முன்பே இருந்தது" என்பார்கள். வேலை தொடங்குவதற்கு முன் வீட்டின் நிலையை ஆய்வு செய்து அறிக்கை தரச்சொல்லி எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால் நீங்களே கைத்தொலைபேசியில் நாலு சுவரையும் படம் எடுத்து வையுங்கள்.

கோயில் விஷயத்துக்கு வருகிறேன். நான் வந்ததிலிருந்து தலைவர் அதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தோட்டத்தில் வேலை செய்த நம் தாத்தாக்கள் தோட்டத்து நிலத்தில் கோயில் கட்டினார்கள். தோட்டம் விற்கப்பட்டது, தாமான் ஆனது, கோயில் மட்டும் சாலையோரத்தில் நின்றது. கிராண்ட் யார் பெயரில்? ஒன்று மேம்பாட்டாளர் பெயரில், அல்லது அரசாங்க நிலம், இல்லாவிட்டால் சாலைக்கென ஒதுக்கிய நிலம். எத்தனை வருடம் இருந்தாலும் அரசாங்க நிலத்தில் அனுபவ உரிமை கேட்க முடியாது என்று தேசிய நிலச் சட்டத்திலேயே இருக்கிறது. குடியேறிகளுக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்று 1982-ல் பேராக் வழக்கொன்றிலும் தீர்ப்பு வந்தது. கோயில் நூறு வருடம் பழையது என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். நில அலுவலகத்தில் அது கிராண்ட் ஆகாது.

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கத்துத் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்தை நினைத்துப் பாருங்கள். நூற்று முப்பது ஆண்டுப் பழமை. அந்த நிலத்தை மாநகராட்சி 2014-லேயே ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. நாடு முழுக்க அது பேச்சானது 2025-ல். கடைசியில் சுமார் 50 மீட்டர் தள்ளி வேறு இடம் என்று முடிவானது. விற்பனை நடந்ததற்கும் நாம் குரல் எழுப்பியதற்கும் இடையில் பதினொரு வருடம்! அந்தப் பதினொரு வருடத்தில் எழுதியிருக்கக்கூடிய கடிதங்களைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

கோயில் கமிட்டி இந்த மாதத்துக்குள் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி, கோயில் நிற்கும் லாட் எண்ணுக்கு அதிகாரபூர்வத் தேடல் செய்ய வேண்டும். நிலம் யார் பெயரில் என்று அதில் தெரிந்துவிடும். சங்கப் பதிவு நடப்பில் இருக்கிறதா, வருடாந்திரக் கணக்கு அனுப்பியாயிற்றா என்று பாருங்கள். பாதிக் கோயில்களில் தலைவர் யார் என்பதிலேயே வழக்கு நடக்கிறது, பிறகு எந்தக் கமிட்டியோடு அரசாங்கம் பேசும்? பழைய மின்சார பில், தண்ணீர் பில், திருவிழா நோட்டீஸ், போலீஸ் பெர்மிட், எல்லாம் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். தடம் கோயிலைத் தொடும் என்று தெரிந்தால் முதல் கோரிக்கை, தடத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்பது. இரண்டாவது, மாற்று நிலம், அதுவும் கோயில் பெயரில் கிராண்டோடு. வாய் வாக்குறுதியை நம்பிச் சிலையை எடுத்துவிடாதீர்கள்.

சாலையோரக் கடைகள். லைசென்ஸ் வருடா வருடம் புதுப்பிப்பது. மாநகர் மன்றம் புதுப்பிக்காமல் விட்டால் போதும், கடை போய்விட்டது, நில எடுப்பு என்ற பேச்சே இல்லை. மாற்று இடம் எங்கே, எத்தனை கடைக்கு என்று வேலை தொடங்குவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்பவர்கள் இன்றே விண்ணப்பம் போடுங்கள், அதைத் தள்ளிப்போட இனிக் காரணம் சொல்லாதீர்கள்.

ஒரு வழக்கைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், கொஞ்சம் கசப்பானது. கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா. பூங்கா நிலத்தில் அடுக்குமாடிகள் கட்டக் கொடுத்த அனுமதியை எதிர்த்து அக்கம்பக்கக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023-ல் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து, அனுமதி ரத்து செய்யப்பட்டதை உறுதிப்படுத்தியது. குடியிருப்பாளர்களுக்கு வழக்குப் போட உரிமை உண்டு என்று சொன்ன முக்கியமான தீர்ப்பு, நானே அதைப் பல இடங்களில் மேற்கோள் காட்டுகிறேன். ஆனால் அதே இடத்தில் நீளவீட்டில் இருந்த புக்கிட் கியாரா தோட்டத்து மக்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் தெரியுமா? எதிர்ப்பக்கம். அந்தத் திட்டத்தில்தான் அவர்களுக்கு நிரந்தர வீடு என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள், பல பத்தாண்டுகளாகக் காத்திருந்த வீடு. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நம் வட்டாரத்திலும் அப்படி நடக்கலாம். தரைவீட்டுச் சங்கம் "தடம் எங்கள் பக்கம் வேண்டாம்" என்று கேட்கும், அது நகர்ந்து வாடகை வீடுகள் மேல் வந்து விழும். அவர்கள் கூட்டத்தில் ஆறு வழக்கறிஞர் இருப்பார்கள். நம் பக்கம் இப்போதைக்கு நான் ஒருவன், அதுவும் பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு! ஆகவே அந்தச் சங்கங்களோடு இப்போதே போய்ப் பேசுங்கள். சண்டை தொடங்கிய பிறகு பேச முடியாது.

எப்போது ஆட்சேபணை சொல்வது? தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் 2010-ன்படி ஓர் இரயில் திட்டத்தின் வரைபடங்களை மூன்று மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கோலாலம்பூரில் முதல் எம்ஆர்டிக்கு 2011-ல் அப்படி வைத்தார்கள், எம்ஆர்டி 3-க்கு 2024 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை வைத்தார்கள். மக்கள் போய்ப் பார்த்துத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த விதி இரயிலுக்கு எழுதப்பட்டது. தண்டவாளம் இல்லாத வண்டி சட்டத்தின் கண்ணில் இரயிலா, பஸ்ஸா? வக்கீல்கள் வார்த்தை விளையாட்டு ஆடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பஸ் என்று வகைப்படுத்தினால் அந்த மூன்று மாதம் நமக்கு உரிமையாகக் கிடைக்காமல் போகலாம். அதனால் நம் முதல் கடிதத்தின் முதல் கோரிக்கை, வண்டியின் பெயர் எதுவானாலும் மூன்று மாதப் பொதுக் காட்சி வேண்டும், வரைபட விளக்கம் தமிழிலும் வேண்டும் என்பது.

கடிதம் யாருக்கு? பஸ் கூட்டரசு விவகாரம், நிலம் மாநில விவகாரம், கடை மாநகர் மன்ற விவகாரம். ஒருவரிடம் போனால் மற்றவரைக் கை காட்டுவார். ஆகவே ஒரே கடிதம், மேலே எல்லாப் பெயரும். தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட், ஜொகூர் மந்திரி பெசார் அலுவலகம், மாவட்ட நில அலுவலகம், மாநகர் மன்றம், இஸ்கண்டார் வட்டார மேம்பாட்டு வாரியம், சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர். ஒவ்வோர் இடத்திலும் "பெற்றுக்கொண்டோம்" என்று முத்திரை வாங்குங்கள்.

வீட்டைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, அந்த வண்டியில் நாம் ஏற முடிய வேண்டும். சன்வே பிஆர்டியைப் பாருங்கள். 2015 ஜூனில் திறந்தது, 5.4 கிலோமீட்டர், ஏழு நிலையம், 63 கோடி ரிங்கிட்டுக்கு மேல் செலவு, முழுக்க மின்சார பஸ், அருமையான பாதை. தொடங்கியபோது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கட்டணம் 5 ரிங்கிட் 40 சென். அந்தக் காசுக்கு மோட்டாரில் நாலு நாள் போய்வரலாமே என்று நம் ஆள் கணக்குப் போடுவானா மாட்டானா? மாதப் பாஸ் பிறகுதான் வந்தது. இங்கே முதல் நாளிலிருந்தே மாதப் பாஸ் வேண்டும், தாமானுக்குள் வரும் இணைப்பு பஸ்ஸுக்கும் அதே பாஸ் செல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.

நேரம் அதைவிடப் பெரிய விஷயம். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் போகும் ஆர்டிஎஸ் இரயில் காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை என்று அறிவித்திருக்கிறார்கள். நம் ஆட்கள் விடியற்காலை 4 மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். 7 மணி ஷிப்டுக்கு 6 மணி வண்டி எதற்கு ஆகும்? அந்த வண்டிக்கு நிலம் கொடுத்தவன் அதற்குக் கீழேயே மோட்டாரில் போவான். சாலை நடுவில் தூண் வந்து யூ-டேர்ன் அடைபட்டால் அந்த மோட்டாரும் இரண்டு கிலோமீட்டர் சுற்றும், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்க வழியும் போகும். பாதசாரிப் பாலம் எங்கே, மோட்டார் பாதை எவ்வளவு அகலம் என்று வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் கணக்கெடுப்புத் தாள் வைத்திருக்கிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு தாள். சொந்த வீடா வாடகையா, எத்தனை வருடம், எத்தனை பேர், யார் எத்தனை மணிக்கு எங்கே வேலைக்குப் போகிறார், பிள்ளைகள் எந்தப் பள்ளி என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு நம் கல்லூரிப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். அடையாள அட்டை எண்ணை எழுத வேண்டாம், இப்போதைக்குத் தேவையில்லை. வாடகை ரசீது, ஒப்பந்தம், மின்சார பில் உள்ளவர்கள் அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு இதே மண்டபத்துக்கு நகலோடு வாருங்கள், அசல் வேண்டாம். கோயில் கமிட்டிக்காரர்கள் லாட் எண்ணைக் கொண்டு வாருங்கள்.

இனி நீங்கள் கேளுங்கள். முதலில் பின்வரிசையில் குழந்தையோடு நிற்கும் அம்மா, ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.